1.3 மல்டிஜெட்: முதலில் ஆயிலைப் பாருங்கள்

பழைய டீசல் கார் வைத்திருக்கும் வாசகர்கள் இம்முறை அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே எஞ்சினைப் பற்றியவை: 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். பல ஆண்டுகளாக நான் திறந்து மூடிக்கொண்டிருக்கும் எஞ்சின் இது. இதன் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதனால்தான் இதை வீணாக்குவதைக் கண்டால் கோபமும் வருகிறது.

கேள்வி: பழைய சுசுகி ஸ்விஃப்ட் டீசல் ஒன்றை வாங்க நினைக்கிறேன். விற்பவர் "இது ஃபியட் எஞ்சின்" என்கிறார். என் நண்பரோ தன்னுடைய ஓப்பல் கோர்சாவில் இருப்பதும் இதேதான் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரி. ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாகச் செயல்பட்ட காலத்தில் உருவாகி, 2003-இல் வெளிவந்த எஞ்சின் இது. ஃபியட் இதை மல்டிஜெட் என்றது, ஓப்பல் சிடிடிஐ என்றது, சுசுகி டிடிஐஎஸ் என்றது, டாட்டா குவாட்ராஜெட் என்றது. மேல் மூடியில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பவை அதே நான்கு சிலிண்டர்கள், அதே 1,248 சிசி. சிலிண்டரின் விட்டம் 69.6 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 82 மில்லிமீட்டர். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் இரண்டு, பதினாறு வால்வு, அவற்றைப் பிஸ்டனோடு ஒத்து இயங்கவைக்க பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின். 2005-இல் சர்வதேச அளவில் இந்தச் சிறிய எஞ்சின் பிரிவில் ஆண்டின் சிறந்த எஞ்சின் விருதைப் பெற்றது.

இதன் சிறப்பு டீசலைப் பீய்ச்சும் முறையில் இருக்கிறது. ஒவ்வொரு எரிப்பின்போதும் டீசலை ஐந்து தவணை வரை பிரித்துக் கொடுக்கும். 2009-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் இது எட்டு வரை உயர்ந்தது. முதலில் போகும் சிறு துளிகள் எரிந்து அறையைச் சூடாக்கி வைத்துவிடுவதால், முக்கியமான பீய்ச்சல் வரும்போது அழுத்தம் ஒரேயடியாக எகிறுவதில்லை. பழைய டீசல்களின் தடதடப்பு இதில் குறைந்தது அப்படித்தான்.

வாங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்விஃப்டில் பெரும்பாலும் வந்த வடிவம் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 75 குதிரைத்திறனும், 2,000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருவது. அதன் டர்போ, அதாவது புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி, எளிமையானது; அசையும் இதழ்கள் அதில் இல்லை. 90 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர் என்று வரும் வடிவத்தில் டர்போவுக்குள் இதழ்கள் திரும்பி வழிவிடும். மெதுவாகவே ஓட்டப்பட்ட கார்களில் அந்த இதழ்கள் கரி படிந்து இறுகிப்போகும். நீங்கள் பார்த்திருப்பது எளிமையான வடிவம். 2,000 சுற்றுக்குக் கீழே அது சற்றுச் சோம்பலாக இருக்கும். அதன் இயல்பே அதுதான், கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள். எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். காரணம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

கேள்வி: காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது சில நொடிகளுக்குக் கரகரவென்று ஒரு சத்தம், பிறகு அடங்கிவிடுகிறது. டீசல் என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும் என்கிறார் மெக்கானிக். டைமிங் செயினைக் காரின் ஆயுள் முழுவதும் மாற்றவே வேண்டியதில்லை என்றும் படித்திருக்கிறேன். கவலைப்பட வேண்டுமா?

பதில்: கவலைப்பட வேண்டும், அதுவும் இந்த வாரமே. இந்தக் கேள்விக்குத்தான் இன்று நீண்ட பதில்.

இந்த எஞ்சினில் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் இயங்குகிறது. இரவு முழுவதும் நிற்கும்போது அழுத்தம் வடிந்துவிடும். ஸ்டார்ட் ஆனதும் பம்ப் மீண்டும் ஆயிலை ஏற்றி டென்ஷனரை நிமிர்த்த வேண்டும். அந்த ஒரு கணம் சிறு சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். சில நொடிகள் நீடிக்கிறது என்றால் செயின் நீண்டுவிட்டது, அல்லது டென்ஷனர் தளர்ந்துவிட்டது. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கும்.

செயின் நீள்வது இரும்பு இழுபடுவதால் அன்று. அதன் ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள ஊசி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. எல்லாத் தேய்மானமும் சேர்ந்து நீளமாகிறது. தேய்ப்பது ஆயிலில் கலந்த கரி. டீசல் எரிப்பில் உண்டாகும் கரியில் ஒரு பகுதி எப்போதும் ஆயிலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த எஞ்சினின் சம்ப், அதாவது அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, கொள்வதோ சுமார் மூன்று லிட்டர்தான். ஐந்தாறு லிட்டர் கொள்ளும் எஞ்சினில் கலந்து நீர்த்துப்போகும் அதே கரி, இதில் விரைவாகச் செறிந்துவிடுகிறது. போதாக்குறைக்குப் பலர் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறார்கள். இடையில் அளவு குறைந்தாலும் பார்ப்பதில்லை. சிறிய சம்பில் ஒரு லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். செயினுக்கு ஆயுள் முழுவதும் மாற்றம் தேவையில்லை என்று சொன்னவர்கள், ஆயில் உரிய காலத்தில் மாறும் என்று நம்பியே சொன்னார்கள்.

தளர்ந்த செயின் பற்சக்கரத்தில் ஒரு பல் தாண்டினாலும் வால்வுகளின் நேரம் மாறிப்போகும். மேலும் தாண்டினாலோ அறுந்தாலோ பிஸ்டன் வால்வை முட்டும். இந்த ஹெட்டில் வால்வுகள் நேராக நிற்பதால், பல சமயங்களில் வால்வு வளைவதற்கு முன் அதன் மேலிருக்கும் ராக்கர் ஆர்ம் உடைந்துவிடும். அப்படி உடைந்தால் அதிர்ஷ்டம், ஹெட் தப்பிக்கும். அந்த அதிர்ஷ்டத்தை நம்பிக் காரை ஓட்டாதீர்கள்.

செய்ய வேண்டியது இது. செயினை மட்டும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். டென்ஷனர், செயின் உரசி ஓடும் கைடுகள், பற்சக்கரங்கள் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பற்களில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் தேயும். சம்பைக் கழற்றியிருக்கும்போதே ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையைத் துடைத்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதில் கசடு அடைத்திருந்தால் புது டென்ஷனருக்கும் ஆயில் நேரத்துக்குப் போய்ச் சேராது. வேலை முடியும் வரை காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சரிவில் கியரை மட்டும் நம்பி நிறுத்தவும் வேண்டாம்; கார் அசைந்து எஞ்சின் பின்னோக்கித் திரும்பினால், அழுத்தமில்லாத டென்ஷனரால் செயினைப் பிடித்து நிறுத்த முடியாது.

கையேட்டில் ஆயில் மாற்ற எவ்வளவு நீண்ட இடைவெளி சொல்லப்பட்டிருந்தாலும், வயதான எஞ்சினுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அதுவே என் கணக்கு. கையேடு சொல்லும் தரத்தில் சின்தெடிக் ஆயில் ஊற்றுங்கள். பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் இருக்கும் காகித ஃபில்டரையும், அதன் ரப்பர் வளையத்தையும் ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள்.

கேள்வி: என் காரில் கரி வடிகட்டி, அதாவது டிபிஎஃப் இருக்கிறது. நகருக்குள் மட்டுமே ஓட்டுகிறேன். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. ஆயில் குடிக்காத எஞ்சின் என்று மகிழலாமா?

பதில்: வேண்டாம். ஏறியிருப்பது ஆயில் இல்லை, டீசல். வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க, எஞ்சின் அவ்வப்போது கூடுதல் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சி வெளிவரும் புகையைச் சூடாக்கும். அந்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து சம்புக்குள் இறங்கும். குறுகிய ஓட்டங்களில் இந்த எரிப்பு பாதியில் நின்று மறுபடி மறுபடி தொடங்குவதால், இறங்கும் டீசல் பெருகுகிறது. நீர்த்த ஆயில் பேரிங்கைக் காக்காது.

அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. அளவு மிகுந்த கலவை காற்று உறிஞ்சும் வழியில் ஏறிவிட்டால், எஞ்சின் அதையே எரித்துக்கொண்டு தானாக வேகமெடுக்கும். அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மேனுவல் கியர் காராக இருந்தால் நின்றவாறே பிரேக்கை முழுமையாக மிதித்து, உச்ச கியரைப் போட்டுக் கிளட்சைச் சட்டென்று விட்டு எஞ்சினை அணைக்க வேண்டும். வீட்டில் யார் அந்தக் காரை ஓட்டினாலும் அவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள். அந்த நிலை வரவே வேண்டாம்: இன்றே ஆயிலை முழுவதும் வடித்து, டிபிஎஃப்-க்கு உரிய குறைந்த சாம்பல் ஆயிலை ஊற்றுங்கள். அதன் பிறகு அவ்வப்போது, எஞ்சின் நன்கு சூடான பின், நெடுஞ்சாலையில் அரை மணி நேரமாவது தொடர்ந்து ஓட்டுங்கள்.

கேள்வி: மேட்டில் ஏறும்போது கரும்புகை, இழுவை இல்லை. வெளிவரும் புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வை ஸ்கேனர் காட்டுகிறது. ஒரு தகடு வைத்து அதை நிரந்தரமாக அடைத்துவிட்டால் தொல்லை தீரும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: நான் செய்ய மாட்டேன், என்னிடம் கேட்டு வருபவர்களுக்கும் செய்து தருவதில்லை. எரிப்பின் வெப்பத்தைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடு நச்சைக் கட்டுப்படுத்தவே அந்த வால்வு இருக்கிறது. நாம் அடைத்தால் அந்த நச்சைச் சுவாசிப்பவர்கள் நம் பின்னால் வருபவர்கள். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றமும்கூட.

அதோடு, காரணம் வேறாகவும் இருக்கலாம். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் உள்ள கார் என்றால், முதலில் டர்போவிலிருந்து அதற்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களைக் கையால் தடவிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அந்த இடத்தில் ஆயில் ஈரம் பிசுபிசுக்கும். காற்று கசிந்து, டீசல் மட்டும் முழு அளவில் போனால் கரும்புகை வராமல் என்ன செய்யும்? ஹோஸ் நன்றாக இருந்தால் வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். அங்கே நீங்கள் காண்பது வெறும் கரியாக இருக்காது. கரியும் ஆயில் ஆவியும் கலந்த தார் போன்ற கசடு.

கேள்வி: சூடாக இருக்கும்போது மட்டும் நீண்ட நேரம் சுற்றிய பிறகே ஸ்டார்ட் ஆகிறது. டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: மாற்றும் முன் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்பு குழாயிலும் ஒரு சிறு குப்பியை மாட்டி எஞ்சினை ஓடவிட்டால், தேய்ந்தது எது என்பது குப்பியில் சேரும் டீசலின் அளவில் தெரிந்துவிடும். அதிகம் திருப்பி அனுப்புவதுதான், நான்குக்கும் டீசலை அழுத்தத்தில் தேக்கித் தரும் பொதுக் குழாயில் அழுத்தம் ஏறவிடாமல் தடுப்பது. நான்கும் ஒரே அளவில் இருந்தால் டீசல் ஃபில்டரையும், எஞ்சின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சாரையும் பாருங்கள். சூட்டில் மட்டும் தகராறு செய்வது சென்சாரின் குணம். இன்ஜெக்டர் மாற்றினால், அதன் மேல் அச்சிட்டிருக்கும் குறியீட்டைக் கார் கணினியில் பதிவு செய்ய வேண்டும். அடியில் இருக்கும் செம்பு வாஷரும் புதிதாக இருக்க வேண்டும். பழைய வாஷர் கசிந்தால் 'சுச் சுச்' என்று ஒலி வரும். இன்ஜெக்டரைச் சுற்றிக் கருங்கசடு கல்லாக இறுகிவிடும்.

கேள்வி: குளிரில் ஸ்டார்ட் ஆக எரிப்பறையைச் சூடாக்கும் குளோ பிளக் நான்கையும் நானே மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். முந்தைய இரவே அடிப்பகுதியில் துரு இளக்கும் எண்ணெயை விடுங்கள். மறுநாள் எஞ்சினைச் சூடாக்கியபின் கழற்றுங்கள். சிறிது தளர்ந்து பிறகு இறுகினால் மறுபடி உள்ளே திருகி, எண்ணெய் விட்டு, மீண்டும் முயலுங்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் மெல்லிய தண்டு ஹெட்டுக்குள்ளேயே உடைந்துவிடும். பிறகு ஹெட்டையே கழற்ற வேண்டி வரலாம். ஒன்று அசையவே இல்லையென்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். வெப்பமான நாட்களில் மூன்று குளோ பிளக்கிலும் இந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்.