கேள்வி பதில்: தேங்காய் மிதக்குது, ஆணி மூழ்குது!

செங்கோட்டைப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் முப்பது வருடம் பாடம் நடத்தியவள் நான். சின்ன வகுப்புகளில் அறிவியலை விளையாட்டாகச் சொல்லித் தருவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

புளியரை: மூன்றாம் வகுப்புக்கு மிதப்பது, மூழ்குவது நடத்தணும். எப்படித் தொடங்கலாம் டீச்சர்?

ஒரு அண்டாத் தண்ணீர், மட்டை உரிக்காத தேங்காய் ஒன்று, இரும்பு ஆணி ஒன்று. போடுவதற்கு முன்னாடி "எது மூழ்கும்?" என்று கேளுங்கள். கனமான தேங்காய்தான் என்று பாதிப் பிள்ளைகள் கை தூக்குவார்கள். அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அப்புறம் போடுங்கள். தேங்காய் மிதந்ததும் வகுப்பு கத்தும், கத்தட்டும். அடுத்து ஆரஞ்சுப்பழம். தோலோடு மிதக்கும், உரித்துப் போட்டால் மூழ்கும். உரித்த பழத்தின் எடை குறைவுதான், ஆனாலும் மூழ்குகிறதே! காரணத்தை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். தோலைப் பிய்த்துப் பார்க்கக் கொடுங்கள். "பஞ்சு மாதிரி இருக்கு, உள்ளே காத்து இருக்கு" என்று ஒரு பிள்ளை சொல்லும். அந்த வாக்கியம் பிள்ளை வாயிலிருந்து வரத்தான் இத்தனையும். மறுநாள் களிமண்ணைக் கொடுங்கள். உருண்டையாகப் போட்டால் மூழ்கும், அதையே கிண்ணமாக்கினால் மிதக்கும்.

கம்பம்: அறிவியல் கிட் எங்கே வாங்கலாம்?

வாங்க வேண்டாம். பழைய ஸ்பீக்கர் காந்தம், டார்ச் பல்பு, பலூன், சைக்கிள் டியூப் போதும். பொத்தான் பேட்டரி மட்டும் வகுப்புக்குள் வரவே கூடாது. சின்னப் பிள்ளை விழுங்கி அது தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும்.

கொழிஞ்சாம்பாறை: எங்கள் பள்ளி தமிழ் வழிதான். ஆனால் பாதிப் பிள்ளைகள் வீட்டில் மலையாளம் பேசுகிறார்கள். அறிவியல் சொற்களில் தடுமாறுகிறார்கள்.

காந்தம், நிழல், வெளிச்சம் மூன்றும் மலையாளத்திலும் அதே சொற்கள்தான். அங்கிருந்து ஆரம்பியுங்கள். முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, மணிக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் கல் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் ஏப்ரல் 18, ஆகஸ்ட் 25 தேதிகளை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்று பகல் 12.20 வாக்கில் குச்சியின் நிழல் காணாமல் போகும். பார்த்த பிள்ளை எந்த மொழியிலும் அதைச் சொல்லிவிடும். நிழலை மட்டும்தான் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே படம் வழியாகக்கூடச் சூரியனைப் பார்க்க விடாதீர்கள்.

தென்காசி: தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தேன். அணைந்ததும் தண்ணீர் உள்ளே ஏறியது. 21 சதவீத ஆக்சிஜன் எரிந்து தீர்ந்ததுதானே காரணம்?

இல்லை. இந்தத் தவறான விளக்கத்தைப் பல வருடம் நானும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அதனால் அழுத்தியே சொல்கிறேன். ஆக்சிஜன் முழுவதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடும். எரிந்ததற்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. முக்கியக் காரணம் சூடு. சுடர் மேல் கவிழ்க்கும்போதே டம்ளருக்குள் காற்று சூடாகி விரிந்து, கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

பாலக்காடு: பயிற்சிக் கல்லூரியிலேயே ஆக்சிஜன் என்றுதான் படித்தோம். நீங்கள் சொல்வது சரியில்லை.

தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று பாருங்கள். ஆக்சிஜன் தீர்வதுதான் காரணம் என்றால் எரியும்போதே ஒரே சீராக ஏறணும். பெரும்பகுதி அணைந்த பிறகுதான் ஏறுகிறது. நீராவி தண்ணீராவதால் கொள்ளளவு கொஞ்சம் குறைவது உண்மை, ஆனால் சூட்டின் பங்குதான் பெரியது. அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்தி வையுங்கள். ஆக்சிஜன் அதே அளவுதான் இருக்கிறது, தண்ணீரோ இன்னும் மேலே ஏறும். செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். தீப்பெட்டி ஆசிரியர் கையில் மட்டும் இருக்கட்டும்.

சுரண்டை: காற்றுப் பாடத்துக்கு ஏதாவது சொல்லுங்கள் டீச்சர்.

பனையோலைக் காற்றாடி, கருவேல முள். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய்க் காற்று உங்கள் ஊர் வரைக்கும் வருமே! ஓலையை நீளமாக, குட்டையாக, முறுக்கி, முறுக்காமல் செய்து எது வேகமாகச் சுற்றுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

மூணாறு: நல்ல கிட் ஏதாவது இருக்கா?

கம்பத்துக்குச் சொன்னதேதான்.

போடி: காந்தப் பாடத்துக்கு என்ன கிட் வாங்கலாம்?

மேலே இரண்டு தடவை சொல்லிவிட்டேன், வாங்க வேண்டாம். காந்தத்தைத் தாளில் சுற்றி ஆற்று மணலில் புரட்டுங்கள், கறுப்புத் துகள் ஒட்டும். பொத்தான் பேட்டரியை மறக்காதீர்கள்.

தென்காசி: மூன்று மெழுகுவர்த்தி வைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கு ஒரு விரல்கடை ஏறியது, மூன்றுக்கு இரண்டுக்கும் மேலே. ஒரு பெண்பிள்ளை, "மெழுகுவர்த்தியே இல்லாம, சூடான பாட்டிலைக் கவுத்தா தண்ணி ஏறுமா?" என்று கேட்டாள். என்ன சொல்ல?

எதுவும் சொல்லாதீர்கள். கெட்டியான கண்ணாடி பாட்டிலைக் கை பொறுக்கும் வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து, வெந்நீரைக் கொட்டிவிட்டு, தட்டுத் தண்ணீரில் அவளையே கவிழ்க்கச் சொல்லுங்கள். ஏறுமா ஏறாதா என்று முதலில் அவளே கரும்பலகையில் எழுதட்டும்.