மைக் சோதனையை வெட்டாதீர்கள்

அன்புள்ள ஐயா,

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு 1973இல் வாட்கின்ஸ் கிளென்னில் கச்சேரிக்கு முந்தைய நாள் செய்த ஒலிச் சோதனையின் பதிவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தேடிக் கேட்டேன். பாட்டு இல்லை, எடுப்பும் முடிப்பும் இல்லை. அவர்களுடைய முழுக் கச்சேரிகள் அத்தனை கிடைக்கும்போது இதை ஏன் கேட்க வேண்டும்? கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்காராமல் அடுப்படியைப் பார்த்துவிட்டு வருவதுபோல் அல்லவா இருக்கிறது?

இதைக் கேட்க எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. என் தாய்மாமா உசிலம்பட்டிப் பக்கம் மைக்செட் வைத்திருந்தவர். எண்பதுகளில் ஊர்த் திருவிழாக்களில் நடந்த நாடகங்களைக் கேசட்டில் பதிந்து வைத்திருக்கிறார். அவற்றைக் கணினிக்கு மாற்ற மதுரையில் ஒரு கடையில் பேசியிருக்கிறேன். சில கேசட்டுகளில் முதல் இருபது நிமிடம் வெறும் ‘ஹலோ, ஹலோ’வும் ஆர்மோனியமும் மத்தளத்தைத் தட்டும் சத்தமும்தான். வெட்டிவிடலாம் என்கிறார் கடைக்காரர். வெட்டலாமா?

ஒரு வாசகி, உசிலம்பட்டி

அன்புள்ள சகோதரி,

வெட்டக் கூடாது. கடைக்காரரிடம் இன்றே சொல்லிவிடுங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம்.

முதலில் வாட்கின்ஸ் கிளென். நியூயார்க் மாநிலத்தில் கார்ப் பந்தயம் நடக்கும் திடல் அது. 1973 ஜூலை 28, சனிக்கிழமை மூன்று குழுக்கள் வாசிப்பதாக ஏற்பாடு: கிரேட்ஃபுல் டெட், தி பேண்ட், ஆல்மன் பிரதர்ஸ். விற்ற டிக்கெட் ஒன்றரை லட்சம். வந்து சேர்ந்தவர்கள் ஆறு லட்சம் பேர் என்று கணக்கிடுகிறார்கள். வெள்ளிக்கிழமையே திடலில் பெருங்கூட்டம் உட்கார்ந்துவிட்டதால் ஒலிச் சோதனையை அவர்கள் முன்னிலையிலேயே செய்ய வேண்டியதாயிற்று. மற்ற இரு குழுக்களும் சுருக்கமாக முடித்துக்கொண்டன. டெட் குழுவினர் மட்டும் இரண்டு பகுதிகளாக நெடுநேரம் வாசித்தார்கள். அதில் பாட்டே இல்லாமல் அவர்கள் கூடி வாசித்த ஒரு பகுதிதான், 1999இல் ஐந்து குறுந்தகடுகளாக வந்த அவர்களுடைய முப்பதாண்டுத் தொகுப்பில் இடம்பெற்றது. நீங்கள் கேட்டதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

அன்று எதைச் சோதித்தார்கள் என்பது தெரிந்தால் அந்த வாசிப்பு வேறு மாதிரி கேட்கும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும், கம்பியில் ஓடும் மின்சாரமோ அந்தக் கணமே போய்விடும். சித்திரைத் திருவிழாவில் வைகைக் கரை நெடுகக் கட்டியிருக்கும் குழாய்களில் ஒரே அறிவிப்பு இரண்டு மூன்று முறை அடுத்தடுத்துக் காதில் விழுவதைக் கேட்டிருப்பீர்கள். பக்கத்துக் குழாய் முதலில் பேசிவிடுகிறது, தூரத்துக் குழாய் பிந்தி வந்து சேர்கிறது. அறிவிப்புக்கு அது பெரிய கேடில்லை, தாளத்துக்கு அது சாவு. வாட்கின்ஸ் கிளென்னில் மேடையிலிருந்து 200 அடி தள்ளி நிறுத்திய ஒலிபெருக்கிகளுக்குப் போகும் ஒலியை டிஜிட்டல் கருவிகள் வழியாக 0.175 நொடி தாமதப்படுத்தி அனுப்பினார்கள். மேடை ஒலி காற்றில் அங்கே வந்து சேரும் நேரத்தில் அந்த ஒலிபெருக்கியும் பேசும். இந்தக் கருவிகள் அப்போது புதியவை. அத்தனை பெரிய திடலில் இதெல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க, வாசித்தே தீர வேண்டியிருந்தது.

அப்படிப்பட்ட நேரத்தில் ஜெர்ரி கார்சியாவின் கிதாரையும் ஃபில் லெஷ்ஷின் பாஸ் கிதாரையும் கவனியுங்கள். யாரும் யாருக்கும் முன்னால் போய் நிற்பதில்லை. ஒருவர் ஒரு துணுக்கைப் போடுகிறார், மற்றவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார், டிரம்ஸ் வாசிக்கும் பில் கிராய்ட்ஸ்மன் அது எங்கே போகிறதென்று பார்த்துவிட்டுச் சேர்ந்துகொள்கிறார். கூட்டம் எதிரே இருந்தது உண்மைதான். ஆனால் அதற்கு அன்றைக்கு எதுவும் கடன்படவில்லை அவர்கள். தெரிந்த பாட்டைக் கொடுக்க வேண்டும், கைதட்டு வரும் இடத்தில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் மறுநாளைக்கு. அந்த மறுநாள் வாசிப்பைவிட முந்தைய நாள் சோதனையே மேல் என்று சொல்லும் ரசிகர்கள் நிறைய. நானும் அந்தக் கட்சிதான். அடுப்படி என்கிறீர்கள். சமையல் கற்றவர்கள் எல்லோரும் அங்கே நின்று கற்றவர்கள்தானே!

உங்கள் மாமாவின் கேசட்டுகளுக்கு இந்த நியாயம் இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். டெட் குழுவினர் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து வாசித்தவர்கள். நம் பக்கத்து ஸ்பெஷல் நாடகம் அப்படியல்ல. ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், பபூன் திண்டுக்கல்லிலிருந்து வருவார். தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டவர்கள். ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துவைத்த கதையும் பாட்டும் எல்லோருக்கும் தெரியும், அந்தத் தைரியத்தில் ‘வள்ளி திருமண’த்தை விடிய விடிய நடத்திவிடுவார்கள். மேடையேறும் முன் அவர்கள் ஒருவரோடு ஒருவர் இசையில் பொருந்திப் பார்ப்பதற்கு வாய்ப்பே, நீங்கள் வெட்ட நினைக்கும் அந்த இருபது நிமிடம்தான்.

திரும்பக் கேளுங்கள். எத்தனை கட்டை என்று ஆர்மோனியக்காரர் கேட்பது பதிவில் இருக்கலாம். இன்று பாடப்போகிறவரின் குரலுக்கு ஏற்பச் சுருதி முடிவாகும் இடம் அது. தட்டும் சத்தம் என்று நீங்கள் எழுதியது, மத்தளத்தின் வலப்பக்கமான வலந்தலையைக் கல்லால் தட்டிச் சுருதிக்குக் கொண்டுவருவதாக இருக்கும். மைக் கூவினால் உங்கள் மாமா வால்யூமைக் குறைப்பார், மைக்கைச் சற்றே திருப்புவார். அவருடைய தொழில் திறமை கேட்கும் இடம் அது ஒன்றுதான். நாடகம் தொடங்கிய பிறகு, நன்றாக வேலை செய்த மைக்செட்காரர் இருந்த சுவடே தெரியாது.

பதிவுகள் எப்படிக் கைவிட்டுப் போகும் என்பதற்கும் டெட் குழுவின் கதையே சான்று. பெட்டி கேன்ட்டர்-ஜாக்சன் என்ற பெண்மணி அவர்களுடைய கச்சேரிகளைப் பதிந்த நாடாக்கள், கிடங்கு வாடகை பாக்கியால் 1986இல் ஏலம் போயின. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரியின் பதிவும் அவற்றில் ஒன்று. அந்தப் பதிவு இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இருக்கிறது.

இனிச் செய்ய வேண்டியது. கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள், தவறிப்போய் மேலே பதிவாகாது. நாடாவில் வெள்ளைப் பூசணம் தெரிந்தால் அந்தக் கேசட்டை ஓட்டவே வேண்டாம், தனியே எடுத்து வையுங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும், நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வைத் திருகிச் சரிசெய்த பிறகே மாற்றச் சொல்லுங்கள். அதைச் செய்யாவிட்டால் மேல்ஸ்தாயி மங்கிவிடும், பிறகு கணினியில் அதை முழுதாக மீட்க முடியாது. கோப்பு வேவ் வடிவில், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும். 90 நிமிடக் கேசட்டுக்குச் சுமார் 3 ஜிபி ஆகும். இரைச்சலை நீக்குவது, வெட்டுவது எல்லாம் நகலில் வைத்துக்கொள்ளலாம், மூலக் கோப்பில் கை வைக்க வேண்டாம். எம்பி3 மட்டும் தருகிறேன் என்றால் வேறு கடை பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் மாமாவை உட்காரவைத்து அந்த இருபது நிமிடத்தைப் போட்டுக் காட்டுங்கள். பேசுகிறவர் யார், எந்த ஊர்த் திருவிழா, என்ன ஆம்ப்ளிஃபயர், மைக்கை எங்கே தொங்கவிட்டார் என்று கேட்டு, கேசட் உறையில் எழுதியிருப்பதோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பாதியில் அவருக்கு வேறு நாடகம் நினைவுக்கு வந்தால் தடுக்க வேண்டாம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.