மங்கலாக இருந்தால் சாது என்று யார் சொன்னது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், கடித்தால் ஆளைக் கொல்லும் நஞ்சுள்ள சின்னக் கடல் பிராணியான நீல வளைய ஆக்டோபஸைப் பற்றியவை. மற்றதையெல்லாம் அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஏழெட்டுப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன். பேய்க்கணவாய் என்று அழகாகத் தமிழில் எழுதியவர்களுக்குத் தனி வணக்கம்; எனக்கு ஆக்டோபஸ் என்று எழுதியே கை பழகிவிட்டது.

கே: நீல வளைய ஆக்டோபஸ் ஒரே இனமா, பல இனங்களா?

பெயர் வைத்து விவரித்தவை நான்கு. எல்லாம் ஹேபலோக்ளீனா என்ற பேரினத்தில் வரும். தெற்கு ஆஸ்திரேலியாவில் மாக்குலோசா. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைப் பாறைக் குட்டைகளில் ஃபாசியாட்டா. இதற்கு உடலில் கோடுகள், கைகளில்தான் வளையங்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் லுனுலாட்டா. அப்புறம் நியர்ஸ்ட்ராஸி, இது அந்தமான் பக்கம் கிடைத்த ஒரே ஒரு உடலை வைத்து 1938-ல் பெயர் பெற்றது.

கே: எவ்வளவு பெரியது?

உடல் ஒரு எலுமிச்சம்பழம் அளவு. கைகளையும் நீட்டினால் ஒரு சாண், அவ்வளவுதான். எடை சில பத்துக் கிராம்தான். தோள் அகலத்துக்கு ஒன்றைப் பார்த்ததாக எழுதிய அன்பர் வேறு எதையோ பார்த்திருக்கிறார்.

கே: கரையில் எந்த மாதிரி இடத்தில் இருக்கும்? நீந்தித் திரியுமா?

அவசரத்துக்கு நீந்தும், மற்றபடி தவழ்ந்து போவதுதான் வழக்கம். பாறை இடுக்கு, பவளச் சிதிலம், கடற்புல், காலிச் சங்கு, காலிச் சிப்பி, யாரோ வீசிய பாட்டில், டப்பா என்று, உடலை நுழைக்க ஒரு பொந்தும் பக்கத்தில் நண்டும் இருந்தால் அதற்குப் போதும். நீர் வற்றிய நேரத்தில் முழங்கால் ஆழக் குட்டையிலும் இருக்கும், பத்து இருபது மீட்டர் ஆழத்திலும் இருக்கும்.

ஒருமுறை இப்படி ஒரு குட்டையின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து அரை மணி நேரம் ஒன்றையும் காணோம் என்று சலித்துப்போனேன். எழுந்திருக்கும்போதுதான், என் கால் அருகே இருந்த சங்கின் வாயில் நாலைந்து மணல் துகள்கள் மட்டும் முன்னே போவதும் பின்னே வருவதுமாக இருந்ததைக் கவனித்தேன். வேறு எதுவும் அசையவில்லை. உள்ளே ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான் எல்லாப் பதிலிலும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்: காலிச் சங்கு என்று நீங்கள் நினைப்பதைச் சட்டைப் பையில் போடாதீர்கள், குழந்தை கையிலும் கொடுக்காதீர்கள்.

கே: படம் இணைத்துள்ளேன். சின்னதாக, மங்கலான பழுப்பு நிறத்தில் இருந்தது. நீல வளையம் இல்லை என்பதால் பயமில்லாமல் உள்ளங்கையில் வைத்துப் படமெடுத்தோம். என்ன இனம்?

இனம் இருக்கட்டும். முதலில் கையைப் பற்றிப் பேசுவோம்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்கு வருடத்துக்குக் குறைந்தது நாலு வந்துவிடுகிறது, ஒவ்வொரு முறையும் அதே வாக்கியம், "வளையம் இல்லை, அதனால் பயமில்லை." வளையம் எப்போதும் எரியும் விளக்கு என்று யார் சொல்லித் தந்தார்கள்? சும்மா இருக்கும்போது இந்தப் பிராணி மணல் நிறமாகவோ பாசி படிந்த பழுப்பாகவோ இருக்கும். வளையங்கள் அப்போதும் தோலில்தான் இருக்கின்றன, லுனுலாட்டாவில் அறுபது போல. நீலத்தைத் தருவது சாயம் அல்ல. ஒளியைத் திருப்பி அனுப்பும் நுண்ணடுக்குச் செல்கள். அவை தோல் மடிப்புக்குள் சுருக்குப் பை மாதிரி மூடிக் கிடக்கும். சீண்டினால் உள்தசை தளர்ந்து, வெளித்தசை இறுகி, மடிப்பு திறந்துகொள்கிறது. சுற்றிலும் உள்ள பழுப்பு இன்னும் கறுத்து நீலத்தைத் தூக்கிக் காட்டுகிறது. இதெல்லாம் நடக்க அரை வினாடிகூட ஆகாது.

ஆக, பளிச்சென்ற நீலத்தோடு நீங்கள் பார்த்து ரசித்த படங்களில் பெரும்பாலானவை "தள்ளிப் போ" என்று சொல்லிக்கொண்டிருக்கும் பிராணியின் படங்கள். அந்தப் பளபளப்புக்காகவே குச்சியால் குத்திப் படமெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு விருப்பக்குறி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மங்கலாக இருந்ததால் கையில் எடுத்தோம் என்கிறீர்கள். அது உங்களை எச்சரிக்கும் முன்பே நீங்கள் அதைத் தூக்கிவிட்டீர்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

1954-ல் டார்வின் அருகே முக்குளிக்கப் போன ஓர் இளைஞரின் தோளில், கூட வந்தவர் ஒரு சின்ன ஆக்டோபஸை விளையாட்டாக விட்டார். அது ஊர்ந்து கழுத்துப் பக்கம் போய்க் கடித்தது. இரண்டு மணி நேரத்துக்குள் அந்த இளைஞர் இறந்துவிட்டார். 1967-ல் சிட்னியில் ஒரு ராணுவ வீரர் இறந்ததும் கையில் எடுத்து விளையாடியதால்தான். கடிபட்ட கதைகளை எடுத்துப் பார்த்தால் ஆக்டோபஸ் மனிதரைத் தேடி வந்தது கிடையாது. கையில் எடுத்தவர், பாக்கெட்டில் போட்டவர், மேலே விட்டுக்கொண்டவர், இவர்கள்தான். சரி, உங்கள் படத்தில் இருப்பது வேறு இனம்தான், பிழைத்தீர்கள். ஆனால் அதைப் படத்தைப் பெரிதாக்கிக் கைகளைப் பார்த்த பிறகு நான் சொல்கிறேன். நீங்கள் எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள்?

கே: ஒன்றின் விஷம் 26 பேரைக் கொல்லுமாமே, உண்மையா?

26 பேரை வரிசையில் நிறுத்தி யாரும் சோதிக்கவில்லை. ஒருவரைக் கொல்லப் போதும். நீங்கள் ஒருவர்தானே?

கே: கடித்தால் முதலுதவி என்ன? மாற்று மருந்து உண்டா?

மாற்று மருந்து கிடையாது. நஞ்சின் பெயர் டெட்ரோடோடாக்சின், பேத்தை மீனில் இருக்கும் அதே சரக்கு. இந்த ஆக்டோபஸில் இருப்பதை முதலில் மாக்குலோடாக்சின் என்று தனிப் பெயரிட்டு அழைத்தார்கள், 1978-ல்தான் இரண்டும் ஒன்று என்று உறுதியானது. நரம்பில் சோடியம் போகும் வாயிலை அடைத்துவிடும். செய்தி போகாது, தசை அசையாது.

கடி பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது. சில நிமிடங்களில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், இமை தொங்கும், பேச்சு குழறும், அப்புறம் மூச்சு. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அழுத்தமாகத் துணியால் சுற்றி அசைக்காமல் வையுங்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், மருத்துவமனையில் கருவி பொருத்தும் வரை விடாமல். மூச்சை மட்டும் பிடித்து வைத்தால் போதும், பெரும்பாலோர் ஒரு நாளில் எழுந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. இமைகூட அசையாமல் கிடப்பவருக்கு நினைவு இருக்கும், காது கேட்கும். தலைமாட்டில் நின்று "முடிஞ்சுபோச்சு" என்று அழாதீர்கள். அவரிடம் பேசுங்கள்.

கே: தொட்டாலே விஷம் ஏறுமா?

காயமில்லாத தோலில் ஏறாது. இதைப் படித்துவிட்டுத் தொடப் போகாதீர்கள்.

கே: நன்றாக வேகவைத்தால் நஞ்சு போய்விடும் என்கிறார் நண்பர்.

போகாது. உமிழ்நீர்ச் சுரப்பியில் மட்டும் அல்ல, கை, உடல், முட்டை வரைக்கும் நஞ்சு இருக்கிறது. நண்பரை மாற்றுங்கள்.

கே: தன் நஞ்சு அதையே ஏன் கொல்வதில்லை?

அதன் சோடியம் வாயில்களின் அமைப்பு கொஞ்சம் மாறியிருக்கிறது, நஞ்சு அங்கே சரியாக ஒட்டுவதில்லை.

கே: பெண் ஆக்டோபஸ் இணைசேர்ந்த பிறகு ஆணைத் தின்றுவிடுமா?

பல ஆக்டோபஸ் இனங்களில் அந்த ஆபத்து உண்டு. ஃபாசியாட்டாவில் பெண் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பெரியது, ஆணுக்குப் பயம் இருக்கத்தானே செய்யும். 2025-ல் வெளியான ஓர் ஆய்வில் அதற்கு ஆண் என்ன செய்கிறது என்று தெரியவந்தது. பின்னாலிருந்து ஏறி, பெண்ணின் தலைக்குப் பின்புறம் பெருந்தமனி ஓடும் இடமாகப் பார்த்துக் கடிக்கிறது. பெண் வெளுத்து, மூச்சு ஏறக்குறைய நின்று, அசையாமல் கிடக்கிறது; ஆண் வேலையை முடித்துக்கொள்கிறது. பெண்ணுக்கு நஞ்சைத் தாங்கும் எதிர்ப்பு இருப்பதால் சாவதில்லை, பிறகு எழுந்து ஆணைத் தள்ளிவிடுகிறது. ஆணின் நஞ்சுச் சுரப்பி பெண்ணுடையதைவிட ஏன் பெரிதாக இருக்கிறது என்று கேட்டவருக்கும் இதுவே பதில்.

கே: முட்டைகளை எங்கே வைக்கும்?

பல ஆக்டோபஸ்கள் பொந்தின் கூரையில் ஒட்டிவிட்டுக் காவல் இருக்கும். மாக்குலோசா தாய் தன் கைகளுக்கு அடியிலேயே இடுக்கிக்கொண்டு அலைகிறது. நூறு முட்டை, கூடக் குறைய. பொரிந்த குஞ்சுகள் நீரில் மிதந்து போகாமல் நேராகத் தரையிலேயே தவழத் தொடங்கும். தாய் முட்டையிடுவது வாழ்நாளில் ஒரே முறைதான், அதற்குப் பிறகு இறந்துவிடும்.

கே: மை கக்குமா?

குஞ்சில் மைப்பை ஒழுங்காக இருக்கும். வளர வளரச் சுருங்கிவிடுகிறது. நஞ்சு இருக்கும்போது மை எதற்கு?

கே: தொட்டியில் வளர்க்க ஆசை. எப்படிப் பராமரிப்பது?

வேண்டாம். மொத்த ஆயுளே ஒரு வருடம் போல, மாக்குலோசாவுக்கு அதுவும் இல்லை. உங்கள் கைக்கு வரும்போது பாதி ஆயுள் முடிந்திருக்கும். மூடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் வெளியே வந்துவிடும், நீங்கள் இருட்டில் தரையில் தேட வேண்டியிருக்கும். வெறுங்காலோடு.