கனடாவில் பனிக்காலம் முடிந்து வசந்தம் வரும்போது வீட்டில் என்னவெல்லாம் மாறும்?

டொராண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில் இருக்கிறேன். 2014 ஜனவரியில் வந்து இறங்கியவன். அதனால் இந்தப் பதில் இந்த ஊருக்கு மட்டும்தான். வான்கூவர் பக்கம் இருப்பவர்கள் சீக்கிரமே பூ பார்த்துவிடுவார்கள், அவர்கள் கதை வேறு.

காலண்டர்படி மார்ச் 20 வாக்கில் வசந்தம் வந்துவிடும். அதை நம்பி வெறும் சட்டையோடு கிளம்புகிறவரைப் பார்த்தாலே ஊருக்குப் புதிது என்று தெரிந்துவிடும். ஏப்ரலில் ஒரு நாள் 18 டிகிரி அடிக்கும், அடுத்த வாரமே மறுபடி பனி கொட்டும். சிவராத்திரியோடு பனி சிவசிவா என்று போய்விடும் என்பார்களே, இங்கே சித்திரை பிறந்தாலும் அதற்குப் போக மனசு வராது.

வீட்டுக்குள் முதலில் மாறுவது வெளிச்சம். மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். சனிக்கிழமை ஆறே கால் வாக்கில் மறைந்த சூரியன் மறுநாள் ஏழே காலுக்கு மறையும். வேலை முடிந்து வரும் நமக்குக் கொண்டாட்டம். பிள்ளைகளைத் தூங்க வைப்பதுதான் பாடு. "வெளியில இன்னும் வெயில் அடிக்குதுப்பா" என்று மகள் ஜன்னலைக் காட்டினால் என்ன பதில் சொல்வது? அடுப்பில் இருக்கும் கடிகாரத்தை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் மாற்றுவதில்லை. நவம்பரில் தானாகச் சரியாகிவிடும்.

அப்புறம் வாசல். பனி உருகச் சாலையில் தூவும் உப்பு நான்கு மாதமாக ஏறிய பூட்ஸ்களில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கும், வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்தால் போய்விடும். தெருவோரம் குவித்து வைத்த பனி கறுத்து உருகும்போது, அதற்குள் புதைந்திருந்த நாய்க் கழிவு முழுக்க வெளியே வரும். வசந்தத்தின் முதல் வாசனை இங்கே பூ வாசனை இல்லை, இதுதான். பேஸ்மென்ட்டில் கார்ப்பெட் போட்டிருந்தால் அந்த வாரங்களில் மூலைகளைக் காலால் அழுத்திப் பாருங்கள், ஈரம் தட்டும். ஒரு நன்மையும் உண்டு: கதவுப் பிடியைத் தொட்டால் சுளீரென்று ஷாக் அடிப்பது நின்றுவிடும். ஹீட்டரால் வறண்டு கிடந்த காற்றில் ஈரப்பதம் திரும்புவதுதான் காரணம்.

சமையலறைக்கு வருகிறேன். குளிர்காலம் முழுக்க எங்கள் இட்லி மாவு ஓவனுக்குள்தான் குடியிருக்கும். ஓவனை மூட்டாமல் உள்ளே இருக்கும் பல்பை மட்டும் போட்டு வைத்தால் போதும், அந்தச் சூட்டில் புளிக்கும். பழைய குண்டு பல்பாக இருக்க வேண்டும், எல்.ஈ.டி. போட்டால் வேலைக்கு ஆகாது. மே மாதம் ஒரு நாள் பழக்கதோஷத்தில் அதே மாதிரி வைத்துவிட்டுத் தூங்கினோம். காலையில் மாவு பொங்கி வழிந்து ஓவன் தரையில் காய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டியது நான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பஞ்சாயத்து கறிவேப்பிலைத் தொட்டி. செப்டம்பர் கடைசியில் உள்ளே வந்த செடி, பனிக்காலம் முழுக்க ஜன்னலோரம் இலை உதிர்த்து உதிர்த்து மார்ச்சில் பாதி மொட்டையாக நிற்கும். ஓர் ஏப்ரலில் முதல் நல்ல வெயில் அடித்ததும், பாவம் காற்று வாங்கட்டும் என்று வெளியே எடுத்து வைத்தேன். ராத்திரி உள்ளே எடுக்க மறந்துவிட்டேன். விடியும்போது இலைகள் வதக்கிய கீரை போலக் கறுத்துத் தொங்கின. மனைவி இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, விக்டோரியா டே கழியாமல் இதை வெளியில வைக்கக்கூடாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையோ?" என்று கேட்டார். விக்டோரியா டே என்பது மே 25-க்கு முந்தைய திங்கள்கிழமை. அதற்குள் இரவு உறைபனி பெரும்பாலும் நின்றுவிடும் என்பது இங்கே தோட்டம் போடுகிறவர்கள் கணக்கு.

அடியோடு வெட்டிவிட்டோம், ஜூலையில் துளிர்த்தது. இப்போது முதல் நாள் அரை மணி நேரம் நிழலில், மறுநாள் ஒரு மணி நேரம் என்று கைக்குழந்தையைப் பழக்குவது போலப் பழக்குகிறோம். வீட்டுக்குள்ளேயே இருந்த இலை நேர்வெயில் பட்டால் கருகிவிடும்.

காரின் பனிக்கால டயரை மாற்றுவது, கோட்டுப் பைகளில் ஒற்றைக் கையுறைகள் கிடைப்பது எல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் வீட்டில் கடைசித் தீர்ப்பு தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்கு. வீட்டுக்குள் 21 டிகிரி வைத்திருப்பதால் அக்டோபரிலிருந்து உறைந்தே கிடக்கும், ஸ்பூன் காம்பால் நோண்டி எடுக்க வேண்டும். 24, 25 டிகிரி வந்தால்தான் தானாக இளகும். அது சாய்த்ததும் ஊற்றிக்கொண்டு வருகிற அன்றுதான் மனைவி கம்பளிகளைத் துவைத்துப் பரணில் ஏற்றுவார். போன வருஷம் அது ஜூன் முதல் வாரம்.