கேம் பழக்கமே இல்லாத மனைவியோடு சேர்ந்து ஆட எந்த வீடியோ கேமில் தொடங்கலாம்?

கேட்டவர் சொன்ன விவரம் இவ்வளவுதான்: பள்ளிக்கூட நாளிலிருந்து கேம் ஆடுகிறவர். கல்யாணமாகி ஒரு வருடம். வீட்டில் பிஎஸ்4, அதாவது டிவியில் மாட்டி ஆடும் பிளேஸ்டேஷன் 4 கேம் பெட்டி, இருக்கிறது. மனைவி கன்ட்ரோலரைத் தொட்டதே இல்லை. ஆசையாக வாங்கிய இரண்டு கேமும் ஒரே நாளில் ஓரம் போய்விட்டன.

உங்கள் கேள்வியில் வரும் அந்த மனைவி நான்தான். பயப்படாதீர்கள், உங்கள் வீட்டுக்காரம்மா இல்லை. அதே இடத்தில் உட்கார்ந்து, "எந்த பட்டன்? எந்த பட்டன்?" என்று கத்திப் பழகியவள்.

நாங்கள் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். அவருக்கு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை. நான் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன். கல்யாணமாகி வந்தபோது நான் கொண்டுவந்த பீரோவுக்கு எதிரே அவருடைய பிஎஸ்4 ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. இரண்டு பேர் ஆட நல்ல கேம் எது என்று தேடினால் திரும்பத் திரும்ப ஒரே பட்டியல்தான் வரும். அதை எழுதுகிறவர்கள் எல்லாம் நன்றாக ஆடத் தெரிந்தவர்கள். தெரியாதவருக்குக் கை எங்கே நிற்கும் என்பது அவர்களுக்கு மறந்து போயிருக்கும். எனக்கு இன்னும் மறக்கவில்லை.

முதலில் ஒரு பழைய கதை. குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் அண்ணனுக்கு ஒரு டிவி கேம் இருந்தது. மஞ்சள் கேசட், மேலே '9999 இன் 1' என்று லேபிள், உள்ளே பார்த்தால் அதே பத்துப் பதினைந்து கேம்தான். அதில் ஒன்று கான்ட்ரா, ஓடிக்கொண்டே சுடுகிற கேம். தெருப் பையன்கள் யாரும் வராத மத்தியான வேளையில்தான் இரண்டாவது கன்ட்ரோலர் என் கைக்கு வரும். முதல் கட்டம் எப்படியோ ஓடிவிடும். அப்புறம் ஓர் அருவி வரும், பாறை பாறையாக மேலே தாவ வேண்டும். ஒருவர் மேலே ஏறினால் திரையும் கூடவே மேலே போகும். கீழே நிற்பவர் திரைக்கு வெளியே போய்ச் செத்துவிடுவார். அண்ணன் தாவித் தாவிப் போய்விடுவான். எதிரியின் குண்டு ஒன்றுகூட என்மேல் படாமலே என் உயிர் அத்தனையும் தீர்ந்துவிடும். "நீ ஏன் நின்னுகினு இருக்கே?" என்று திட்டு வேறு. அந்த அருவியோடு கான்ட்ரா என்றாலே எனக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டது.

அதே கேசட்டில் பேட்டில் சிட்டியும் இருந்தது. 1985-இல் நாம்கோ வெளியிட்ட டாங்கி கேம். கீழே நடுவில் ஒரு கழுகுச் சின்னம் இருக்கும், அதைக் காப்பாற்ற வேண்டும். நான் கழுகுப் பக்கத்தில் நின்று வருகிற டாங்கியைச் சுடுவேன், அண்ணன் மேலே போய்ச் சண்டை போடுவான். எனக்கு வேகம் தேவையே இல்லை. ஆனாலும் நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் ஆட்டம் போச்சு, அண்ணன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சரி. அதை மணிக்கணக்கில் ஆடினோம்.

இப்போது எந்த கேமைப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி இது ஒன்றுதான்: மெதுவாக வருகிறவரை இந்த கேம் என்ன செய்யும்? அருவியில் விட்டுவிட்டுப் போகுமா, கழுகுப் பக்கத்தில் நிறுத்தி ஒரு வேலை கொடுக்குமா? மதிப்பெண், விருது, படத்தின் அழகு எல்லாம் அதற்குப் பிறகு.

என் வீட்டுக்காரர் முதலில் போட்டது கப்ஹெட். பழைய கார்ட்டூன் மாதிரி அத்தனை அழகு. "பார், கோப்பைத் தலையன், உனக்குப் பிடிக்கும்" என்றார். பிடித்தது, முப்பது விநாடிக்கு. அதில் இரண்டு பேர் ஆடினால் எதிரியின் பலமும் கூடும். ஒருவர் செத்தால் அவருடைய ஆவி மேலே மிதந்துபோகும், இன்னொருவர் எகிறிப் போய்ச் சரியான நேரத்தில் தட்டினால்தான் பிழைப்பார். அவர் சண்டை போடுவதை விட்டு என் ஆவியைத் துரத்திக்கொண்டிருந்தார். பத்தாவது தடவை "பரவாயில்லை, பரவாயில்லை" என்று அவர் சொன்ன குரலிலேயே அது உண்மை இல்லை என்று தெரிந்தது. அன்றோடு நிறுத்தினோம்.

ஆடத் தெரிந்தவர்களுக்குப் புரியாத ஒன்று உண்டு. கன்ட்ரோலரில் இரண்டு குச்சி இருக்கிறதே, இடது குச்சி கால், வலது குச்சி கழுத்து. நடந்துகொண்டே கழுத்தைத் திருப்ப வேண்டும். உங்களுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. புதிதாக வருகிறவருக்கு இரண்டு கட்டைவிரலும் இரண்டு வேறு ஆளுடையது மாதிரி இருக்கும். நான் நடப்பேன், சுவரில் முட்டுவேன், நின்று கழுத்தைத் திருப்புவேன், வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தக் கழுத்தைத்தான் கேமரா என்கிறார்கள். அதனால் முதல் இரண்டு மாதத்துக்கு, கேமராவை நாம் திருப்பத் தேவையில்லாத கேம்களை மட்டும் எடுங்கள். பக்கவாட்டில் ஓடுவது, இல்லை மேலிருந்து பார்ப்பது. எந்தப் பட்டியலிலும் நான் பார்க்காத யோசனை இது, எங்களுக்கு அதிகம் உதவியதும் இதுதான்.

அந்த வகையில் என் முதல் சிபாரிசு அன்ராவல் டூ. ஸ்வீடனின் கோல்ட்வுட் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்தது. நூலால் ஆன இரண்டு குட்டிப் பொம்மைகள், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், நடுவில் ஒரே நூலால் கட்டியிருக்கும். ஒருவர் பள்ளத்தில் தொங்கினால் மற்றவர் மேலே நின்று பிடித்துக்கொள்ளலாம். தாண்டவே முடியாத இடம் வந்தால் இரண்டு பொம்மையும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளலாம். தெரிந்தவர் ஒருவரே ஆடி அந்த இடத்தைக் கடந்துவிட்டு மறுபடி பிரிந்துகொள்ளலாம். முதுகில் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு போவது மாதிரிதான். கட்டிப்போட்ட நூல் என்பதால் ஒருவர் விட்டுவிட்டு ஓடவும் முடியாது. போன பொங்கலுக்கு அண்ணன் வந்தபோது இதைப் போட்டோம். கான்ட்ராவுக்குப் பிறகு அவன் கேம் பக்கமே வந்ததில்லை. பாதி தூரம் நான்தான் அவனைச் சுமந்தேன். அருவி ஞாபகம் இருக்கா என்று கேட்டேன், எந்த அருவி என்றான்.

அடுத்து ஓவர்குக்ட் 2. சமையலறை. காய் நறுக்கணும், வேக வைக்கணும், தட்டில் போட்டுக் கொடுக்கணும், பாத்திரம் கழுவணும், எல்லாம் நேரக் கணக்கில். இரண்டு பேரை அதிகமாகச் சண்டை போட வைக்கும் கேம் என்று இதைச் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் இது வேலை செய்ததற்குக் காரணம் வேறு. பட்டன் அவருக்குத் தெரியும்; எது முதலில் அடுப்பில் ஏறணும், எது கடைசியில் என்பது எனக்குத் தெரியும். பந்தி பரிமாறுகிற வீட்டில் வளர்ந்தவளுக்கு இது புதிதா என்ன? ஒரு வாரத்தில் நான் ஆணையிட அவர் ஓடிக்கொண்டிருந்தார். இந்த இரண்டாம் பாகத்தில் நறுக்கிய பச்சைக்காயைத் தூக்கி வீசலாம், வெந்ததை வீச முடியாது. அந்த ஒரு வசதியால் நான் இருந்த இடத்திலிருந்தே வேலையை முடித்தேன். ஒருநாள் இரவு நாங்கள் "வெங்காயம்! வெங்காயம்!" என்று கத்திக்கொண்டிருந்தபோது அத்தை உள்ளேயிருந்து வந்து, "இன்னாத்துக்கு இப்படிக் கத்தறீங்க? நிஜ அடுப்புல பால் பொங்கி வழியுது, அதைப் பாருங்க" என்றார். பால் பாத்திரத்தை என் வீட்டுக்காரர்தான் தேய்த்தார்.

நேரம் ஓடுவதே உங்கள் மனைவிக்குப் பிடிக்காவிட்டால் இரண்டு பாகமும் சேர்ந்த 'ஆல் யூ கேன் ஈட்' பதிப்பைப் பாருங்கள். அதில் உதவி முறை ஒன்று இருக்கிறது, நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம், முடியாத கட்டத்தைத் தாண்டியும் போகலாம்.

இட் டேக்ஸ் டூ பற்றி எல்லோரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஜோசப் ஃபாரெஸ் தலைமையில் ஹேஸ்லைட் நிறுவனம் 2021-இல் கொண்டுவந்தது. அந்த ஆண்டு கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த கேம் என்ற விருதும் அதற்குத்தான். தனியாக ஆடவே முடியாது, இரண்டு பேர் வேண்டும். விவாகரத்துக்குத் தயாராகும் ஒரு கணவனும் மனைவியும் மகளின் கண்ணீரால் பொம்மையாகிவிடுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பேர் கையிலும் வேறு வேறு சாமான். அவன் ஆணியை வீசினால் அவள் சுத்தியலை மாட்டி ஊஞ்சலாடலாம். அவள் இல்லாமல் ஆணியால் பயனில்லை, ஆணி இல்லாமல் அவளால் நகர முடியாது. நான் சொன்ன கழுகு வேலையை இதைவிட அழகாக யாரும் செய்ததில்லை. செத்தாலும் கவலை இல்லை, பட்டனைத் தட்டித் தட்டி எழுந்துவிடலாம். பெரிய சண்டையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழுந்தால்தான் திரும்பத் தொடங்கும்.

ஆனால் இதில் கழுத்தை நாமேதான் திருப்ப வேண்டும். அதனால்தான் இதை முதலில் வாங்காதீர்கள் என்கிறேன். எடுத்தவுடன் இதைப் போட்டுவிட்டு, இவ்வளவு நல்ல கேமே அவளுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டியவர்களை எனக்குத் தெரியும். மூன்றாவது மாதம் போடுங்கள், கேமரா வேகத்தைக் குறைத்து வையுங்கள். இன்னொன்று, நடுவில் ஒரு பொம்மை யானை வரும். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அந்த இடத்துக்குப் போகாதீர்கள். இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

நாங்கள் அதில் மாட்டிக்கொண்ட கதை ஒன்று இருக்கிறது. என் பொம்மை நான் தொடாமலே இடது பக்கம் நடந்து நடந்து விழுந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன், அவரும் அப்படித்தான் நினைத்தார், வாய்விட்டுச் சொல்லவில்லை. பிறகுதான் தெரிந்தது, பழசாக வாங்கிய இரண்டாவது கன்ட்ரோலரின் குச்சி தேய்ந்து தானாக நகர்கிறது. ட்ரிஃப்ட் என்கிறார்கள். விற்ற கடைக்காரர் சூட்டில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார். வேலூர் வெயில்மேல் எந்தப் பழியையும் போடலாம்தானே! பழைய கன்ட்ரோலர் வாங்கினால் கேமைப் போட்டு, கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். பொம்மை தானாக நடந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முக்கியமாக, நல்ல கன்ட்ரோலரை மனைவிக்குக் கொடுங்கள். எல்லா வீட்டிலும் தேய்ந்ததுதான் இரண்டாவது ஆளுக்குப் போகிறது. வெயில் பற்றி உண்மையிலேயே சொல்ல வேண்டியதும் உண்டு: மே மாதத்தில் பிஎஸ்4-ஐ டிவி ஸ்டாண்டின் அடைத்த அறைக்குள் வைக்காதீர்கள். அதற்குள் இருக்கும் விசிறி போடும் சத்தத்தில் பேச்சே கேட்காது.

இரண்டு பேர் கேம் என்று எழுதியிருந்தால்தான் இரண்டு பேர் ஆட முடியும் என்பதும் இல்லை. வெண்பா என்று ஒரு கேம், 2023-இல் கனடாவின் விசை கேம்ஸ் கொண்டுவந்தது. கனடாவுக்குப் போய்க் குடியேறும் தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் மங்கியும் போயிருக்கும், விட்டுப்போன இடத்தை நாம்தான் ஊகித்துச் சமைக்க வேண்டும். முதலில் இட்லி. ஒருவர் ஆடும் கேம்தான், ஆனால் மடிக்கணினியை நடுவில் வைத்துக்கொண்டு, கன்ட்ரோலர் கூட இல்லாமல், அத்தையையும் சேர்த்து மூன்று பேராக ஆடினோம். அத்தைக்கு ஒவ்வொரு படியிலும் ஆட்சேபம். ஒரு சினிமா பார்க்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கியது. பிஎஸ்4-இல் தேடாதீர்கள், கணினியில் வாங்கிக்கொள்ளுங்கள். கேம் என்றாலே துப்பாக்கி என்று உங்கள் மனைவி நினைத்துக்கொண்டிருந்தால் இதிலிருந்தே தொடங்கலாம்.

ஸ்டார்டியூ வேலியும் நல்லதுதான், நிலம், மாடு, மீன் என்று நிம்மதியாகப் போகும். இரண்டு பேர் ஆடும்போது ஆளுக்குப் பாதித் திரைதான், அதில் எழுத்து பொடியாகத் தெரிகிறது என்பதால் எங்களுக்கு ஒட்டவில்லை.

நேருக்கு நேர் மோதும் கேம்கள், டெக்கன் மாதிரி அடிதடி கேம், கிரிக்கெட், ஃபுட்பால், இப்போதைக்கு வேண்டாம். தாயத்தில் அத்தை என்னை வெட்டினால் கோபம் வருவதில்லை, ஏனென்றால் பாதி வேலையைத் தாயக்கட்டை செய்கிறது. டெக்கனில் கட்டை எதுவும் கிடையாது, தெரிந்தவர்தான் ஜெயிப்பார். நீங்கள் வேண்டுமென்றே தோற்றால் அதுவும் எங்களுக்குத் தெரிந்துவிடும்.

வாங்கும் முன் ஆன்லைன் கடையில் அந்த கேமுக்கான பக்கத்தில் ஒரு வரியைப் படியுங்கள். 'இரண்டு பேர்' என்று போட்டிருந்தாலும் அது ஆன்லைனில் மட்டுமா, ஒரே டிவியிலா என்று தனியாக எழுதியிருக்கும். நாங்கள் ஒருமுறை பார்க்காமல் வாங்கிவிட்டோம், ஒரே சோபாவில் உட்கார்ந்து மாற்றி மாற்றி ஆடினோம். அன்ராவல் டூ, இட் டேக்ஸ் டூ இரண்டும் இஏ ப்ளே என்ற மாதச் சந்தாவில் கிடைக்கும். தனித்தனியாக வாங்குவதற்கு முன் ஒரு மாதம் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

அவருக்கு மூன்று மாதம் ஓசூரில் வேலை வந்தபோது இட் டேக்ஸ் டூவின் ஃப்ரெண்ட்ஸ் பாஸ் உதவியது. ஒருவர் வாங்கியிருந்தால் போதும், மற்றவர் இலவசப் பதிப்பை இறக்கிச் சேர்ந்துகொள்ளலாம். பிஎஸ்4-ஐ என்னிடம் விட்டுவிட்டு, அங்கே ரூமில் இருந்த நண்பருடைய பிஎஸ்4-இல் அவர் ஆடினார். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அழைப்பு வரும். "சுத்தியல் யார் கையில?" என்பார். சாப்பிட்டீங்களா என்று நான் கேட்பதற்குள் ஆணி வந்து சுவரில் குத்தி நிற்கும்.