'விட்னஸ்' மாதிரி திரில்லர் படங்களில் காட்டுவது போலத்தான் ஆமிஷ் மக்கள் உண்மையில் இருக்கிறார்களா?

கேட்டவர் அநேகமாக 1985இல் வந்த அந்த ஹாரிசன் ஃபோர்டு படத்தை இப்போதுதான் பார்த்திருப்பார். ஆமிஷ் என்பவர்கள் எளிமையாகப் பழைய முறையில் வாழும் கிறிஸ்தவப் பிரிவினர். கொலையைப் பார்த்துவிட்ட ஆமிஷ் சிறுவனைக் காப்பாற்றும் போலீஸ்காரர் அவர்கள் ஊரில் ஒளிந்திருப்பதுதான் கதை. அது அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பகுதியில் எடுத்த படம். நான் குடியிருப்பதும் இங்கேதான், அதனால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உடை, குதிரை வண்டி, ஊரே கூடி ஒரே நாளில் கொட்டகை எழுப்புவது, இதெல்லாம் சரிதான். எனக்கு ஆறாதது அந்த ஐஸ்கிரீம் காட்சி. வம்புக்காரன் ஒருவன் ஆமிஷ் இளைஞன் முகத்தில் ஐஸ்கிரீமை அப்புகிறான். அவன் பேசாமல் இருக்கிறான். ஆமிஷ் உடையில் ஒளிந்திருக்கும் போலீஸ்காரர் ஃபோர்டு வண்டியிலிருந்து இறங்கிப் போய் அடித்து நொறுக்குகிறார். நமக்குக் கைதட்டத் தோன்றுகிறது. கையை ஓங்குவதில்லை என்பது அவர்களுக்கு 300 வருஷத்துக்கும் மேலான விசுவாசம். படத்துக்கோ அது கதாநாயகனை அடிக்க வைக்க ஒரு சாக்கு.

போன கோடையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஷெட் போட ஆமிஷ் தச்சர் ஒருவர் வந்தார். அவர் கார் ஓட்டுவதில்லை. வாடகை வேனில் டிரைவரோடு வந்தார். பெரிய மரவேலையைத் தன் பட்டறையிலேயே முடித்திருந்தார். அங்கே கரண்ட் கிடையாது, டீசல் எஞ்சினில் காற்றை அழுத்தி அதில்தான் ரம்பமே ஓடுகிறதாம். எதை ஏற்பது, எதை விடுவது என்று சபை கூடி முடிவு செய்கிறார்கள். இந்த யோசனையை எந்த திரில்லரும் காட்டி நான் பார்த்ததில்லை. ஊரிலிருந்து வந்திருந்த மச்சான் தச்சரைப் படம் எடுக்க ஃபோனைத் தூக்கினான். ஆமிஷ் மக்களுக்கு அது பிடிக்காது. தச்சர் கோபப்படவில்லை, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு அளவெடுத்தார். "உள்ளே வைடா" என்றேன். "என்ன மாமா, படமே எடுத்திருக்காங்க" என்றான்.

அன்று இரவு அவனிடம் நிக்கல் மைன்ஸ் என்ற ஊரில் நடந்ததைச் சொன்னேன். 2006 அக்டோபரில் இதே லான்காஸ்டர் பகுதியில் ஆமிஷ் பள்ளிக்குள் ஒருவன் புகுந்து 5 சிறுமிகளைச் சுட்டுக் கொன்று தானும் செத்தான். அன்றைக்கே ஆமிஷ் பெரியவர்கள் அவன் குடும்பத்தைத் தேடிப்போய் ஆறுதல் சொன்னார்கள். அவன் அடக்கத்துக்கும் போனார்கள். பழிவாங்கலை நம்பி ஓடும் சினிமா இதை வைத்து என்ன செய்யும்?

உடனே யாராவது வருவீர்கள், தெரியும். நான் அவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. படிப்பு 8ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதற்கு அனுமதி கொடுத்தது. என் மகளுக்கு அப்படி நடக்க விடமாட்டேன். ஞானஸ்நானம் வாங்கிய பிறகு சபையை மீறினால் ஒதுக்கிவைப்பார்கள், அதுவும் கொடுமைதான். ஆனால் விமர்சிக்கிறவர் அதை விமர்சிக்கட்டும், அவர்கள் அமைதியைக் கோழைத்தனமாகக் காட்ட வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலையில் ஆமிஷ் வீடுகளில் கொடி நிறையத் துணி காய்வதைப் பார்க்க டூரிஸ்டுகள் வண்டியை நிறுத்துகிறார்கள். அதே வெயிலில் என் மனைவி புடவையும் வேட்டியும் காயப்போட்டதற்குக் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது, அழகு கெடுகிறதாம். வெயில் அடிக்கும்போது டிரையருக்கு எதற்குக் கரண்ட் செலவழிக்க வேண்டும்?

சரி, படத்துக்கு வருவோம். அந்த ஐஸ்கிரீம் காட்சியில் விழுந்த அடியால்தான் ஃபோர்டு ஒளிந்திருக்கும் இடம் வில்லன்களுக்குத் தெரிகிறது என்பதையும் சொல்லவேண்டும். முடிவில் இரண்டு பேர் செத்த பிறகு சிறுவன் மணி அடிக்கிறான், வயலிலிருந்து ஊரே வெறுங்கையோடு வந்து நிற்கிறது. இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதாலேயே கடைசி வில்லன் துப்பாக்கியைக் கொடுத்துவிடுகிறான். படம் முழுக்க ஆமிஷ் மக்களை அவர்கள் வழியிலேயே ஜெயிக்க விட்ட ஒரே இடம் அதுதான்.