வசந்தம் வந்தால் கல்லீரலைக் கழுவ வேண்டுமா?

சீனாவின் நான்ஜிங் நகரில் கணவர், இரண்டு பிள்ளைகளுடன் வசிக்கும் 43 வயது தமிழ் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஏப்ரல் பிறந்ததிலிருந்து கண் அரிக்கிறது. இரவு மூன்று மணிக்கு விழிப்புத் தட்டிவிடுகிறது. பிள்ளைகள்மேல் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கும் உடல்நல நிலையத்தில் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தவர்கள், "வசந்தம் கல்லீரலின் காலம், உங்களுக்கு நச்சு தேங்கிக் கிடக்கிறது, இப்போதே கழுவாவிட்டால் கோடையில் படுத்துவிடுவீர்கள்" என்றார்களாம். கஷாயப் பொடி, முதுகைச் சுரண்டும் குவா ஷா, உள்ளங்காலில் ஒட்டும் பட்டை எல்லாம் சேர்த்து 6,800 யுவான். நான்கு நாள் முன்பு பணம் கட்டிவிட்டார். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாருக்கும் அதே பொடியை இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அம்மா இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர். "சீன மருத்துவம் உண்மையிலேயே இப்படித்தான் சொல்கிறதா? வசந்தத்தில் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார்.

சகோதரி, மாமியார் அந்தப் பொடியை இன்றோடு நிறுத்தட்டும். ஏன் என்று பிறகு விரிவாகச் சொல்கிறேன். நீங்களும் நிறுத்துங்கள்.

இந்த மருத்துவத்தைப் படித்து, இதையே தொழிலாகக் கொண்டவள் நான். சீன மருத்துவத்தின் மூலநூலான ஹுவாங்தி நெய்ஜிங்கில் நான்கு பருவங்களுக்கும் எப்படி வாழ வேண்டும் என்று ஒரு இயல் இருக்கிறது. வசந்தத்தின் மூன்று மாதங்களுக்கு அது சொல்வது இவ்வளவுதான்: சற்றுத் தாமதமாகப் படுக்கலாம், காலையில் சீக்கிரம் எழு, முற்றத்தில் நீளமாக நட, கூந்தலைத் தளர்த்திவிடு, உடம்பை இறுக்காதே. முளைப்பதை வளரவிடு, கொல்லாதே. கொடு, பறிக்காதே. பாராட்டு, தண்டிக்காதே. இதற்கு மாறாக நடந்தால் கல்லீரல் கெடும் என்றும் அதே இடத்தில் இருக்கிறது. கழுவு, பேதிக்குக் கொடு, நச்சை எடு என்று அங்கே ஒரு வரி கிடையாது. வளரும் பருவத்தில் உடம்பைப் பிழிந்து வெளியேற்றுவது அந்த நூலின் போக்குக்கே எதிரானது. நிலையத்தில் உங்களிடம் பேசியவர் அந்த இயலைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

சீன மருத்துவம் 'கல்லீரல்' என்று சொல்வதை ஸ்கேனில் தெரியும் உறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கோபம், கண், தசைநார், உடம்பில் ஓட்டம் சீராக இருப்பது, இத்தனையும் ஒரே பெயருக்குக் கீழே வருகின்றன. நம் சித்த மருத்துவர் பித்தம் என்றால் பித்தப்பையில் ஊறும் நீரை மட்டுமா சொல்கிறார்? அப்படித்தான் இதுவும். இந்தக் கல்லீரலை ரத்தப் பரிசோதனையில் தேடினால் கிடைக்காது, நாக்கைப் பார்த்து நச்சை அளக்கவும் முடியாது.

உங்கள் கண் அரிப்புக்கு வருவோம். நான்ஜிங்கில் ஏப்ரல் நடுவிலிருந்து தெரு முழுக்கப் பறப்பது என்ன? உள்ளூரில் வூதோங் என்று சொல்லும் பிளேன் மரத்தின் பஞ்சு. 1929-இல் சீனக் குடியரசை நிறுவிய தலைவர் சுன் யாட்-சென்னின் உடல் ஊர்வலமாக வந்த சாலைகளுக்காக நடத் தொடங்கிய மரங்கள், இன்று நகரத்துக்கே நிழல். அந்தப் பஞ்சும் மகரந்தமும் கண்ணில் விழுந்தால் யாருக்கும் அரிக்கும், கல்லீரல் எப்படி இருந்தாலும். வெளியே போகும்போது கண்ணாடியும் முகக்கவசமும் அணியுங்கள். வீடு வந்ததும் முகம் கழுவுங்கள். காற்றடிக்கும் மதியத்தில் ஜன்னலைச் சாத்துங்கள். அப்படியும் ஒரு வாரத்தில் அடங்காவிட்டால் கண் மருத்துவரிடம் ஒவ்வாமைக்குச் சொட்டுமருந்து கேளுங்கள். சாமந்திப்பூத் தேநீர் குடிக்கலாம், இதமாக இருக்கும். ஆனால் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சாமந்தியே அரிப்பைக் கூட்டக்கூடும்.

மூன்று மணி விழிப்பு. இரவு ஒன்று முதல் மூன்று வரை கல்லீரலின் நேரம் என்று சீன மருத்துவத்தில் ஒரு கால அட்டவணை உண்டு, மறுக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு "மூன்று மணிக்கு விழிக்கிறீர்களா, அப்படியென்றால் கல்லீரல் போச்சு" என்று பயமுறுத்துவதுதான் இந்த நிலையங்களின் முதல் வலை. 40 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு மாதவிடாய் மாறத் தொடங்கும் காலத்தில் நள்ளிரவு விழிப்பு மிகச் சாதாரணம். பதினோரு மணிக்கு முன் படுங்கள், மாலைக்குமேல் தேநீர் வேண்டாம். காலையில் அரைமணி நேரம் மரத்தடியில் நடங்கள், கஷாயத்தைவிட அது அதிகம் செய்யும்.

இரண்டாவது வலை உள்ளங்கால் பட்டை. காலையில் அது கறுத்துப்போய் இருக்கும், நச்சு இறங்கிவிட்டது என்பார்கள். புதுப்பட்டை ஒன்றைக் கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் காட்டிப் பாருங்கள், அங்கேயும் கறுக்கும். உள்ளே இருக்கும் மூங்கில், மரக் காடிப் பொடி ஈரம் பட்டால் நிறம் மாறும். குவா ஷாவில் முதுகு சிவப்பதும் நச்சு வெளியேறுவதால் வருவதில்லை. தோலுக்கடியில் நுண்குழாய்கள் உடைந்து ரத்தம் கசிவதுதான் அந்தச் சிவப்பு. நன்றாகச் செய்தால் தோள்பட்டை இறுக்கம் தளரும், அதற்குமேல் எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

மூன்றாவதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயம்: பெயர் எழுதாத பொடி. கல்லீரலைப் பேணும், முடி கறுக்கும் என்று விற்கப்படும் ஹெ ஷோவு என்ற வேர் கல்லீரலையே பாதித்த நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். 2014-இல் சீன மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே அதுபற்றி எச்சரித்தது. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் மெலிய மருந்து சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாகப் பெயர் நெருக்கமான வேறொன்று, சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் உள்ளது, கலந்துவிட்டது. படித்தவர்கள் நடத்திய மருத்துவமனையிலேயே அப்படி என்றால், உங்கள் கீழ்த்தளத்தில் கலப்பவர் யார்? ஒழுங்கான சீன மருந்துப் பெட்டியில் குவோயாவ் சுன்ட்சி என்ற அனுமதிக் குறியும், 'இசட்' எழுத்தும், எட்டு இலக்க எண்ணும் இருக்கும். அது இல்லாத எதையும் மருந்து என்று வாயில் போடாதீர்கள். சாப்பிட்ட நாட்களில் சிறுநீர் கறுத்தாலோ, கண் மஞ்சளானாலோ, குமட்டினாலோ பொடியைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

இப்போது மாமியார். வார்ஃபரின் சாப்பிடுபவருக்குச் சீன மூலிகை தருவதுபோல் ஆபத்தான அலட்சியம் வேறில்லை. தாங்குய், தான்ஷென் இரண்டும் "ரத்தத்தை ஓடவைக்கும்" மூலிகைகள், பாதிக் கலவைகளில் இருக்கும். வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தம் உறையாமல் கசியலாம். கோஜிப் பழத் தேநீர் குடித்து ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) ஏறியவர்களும் மருத்துவ இதழ்களில் இருக்கிறார்கள், எல்லா வீட்டிலும் தெர்மாஸில் மிதக்கும் அதே பழம்தான். மனச்சோர்வுக்கும் எரிச்சலுக்கும் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் சியாவ்யாவ் மாத்திரையிலும் தாங்குய் உண்டு. பச்சைக் கீரை எதிர்த்திசையில் வேலை செய்யும். அதில் இருக்கும் வைட்டமின் கே மருந்தின் பலத்தைக் குறைக்கும். வசந்தக் கீரை வந்துவிட்டது என்று திடீரென்று தினமும் ஒரு கட்டு சமைத்துப் போட்டால் வால்வில் ரத்தம் உறையலாம். ஊரில் எவ்வளவு கீரை சாப்பிட்டாரோ அதே அளவு, கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். குவா ஷாவோ, கிண்ணம் வைத்து உறிஞ்சுவதோ அவருக்கு அறவே கூடாது. எத்தனை நாள் பொடி சாப்பிட்டார் என்று சொல்லி இந்த வாரமே ஐ.என்.ஆர். பாருங்கள். ஈறில் ரத்தம், கறுத்த மலம், காரணமில்லாத நீலத் தழும்பு, விடாத தலைவலி, எது வந்தாலும் வாரம் வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

உங்கள் சாப்பாட்டுக்கு வருகிறேன். கல்லீரலுக்குப் புளிப்பு உரியது என்று கேள்விப்பட்டு காலையில் எலுமிச்சை நீர், வினிகர் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டின் சீன மருத்துவர் சுன் சிமியாவ் சொன்னது நேர்மாறு: வசந்தத்தில் புளிப்பைக் குறை, இனிப்பைக் கூட்டு. இனிப்பு என்றால் சர்க்கரை கிடையாது. சீன வள்ளிக்கிழங்கான ஷான்யாவ், சிவப்பு இலந்தை, அரிசிக்கஞ்சி, இவைபோல் வயிற்றுக்கு இதமானவை. கூடவே நான்ஜிங் சந்தைக்கு இப்போது வரும் காட்டுக்கீரைகள்: ஜிச்சாய், மாலான் தளிர், கோஜித் தளிர், சாமந்திக் கீரை. உள்ளூர்க்காரர்கள் வருடம் முழுக்க இவற்றுக்காகவே காத்திருப்பார்கள். நம் வீட்டில் கீரை மசிக்கத் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் பழகிய வேலைதான். சியாங்சுன் என்ற மணக்கும் மரத்தளிரை மட்டும் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்துப் பிறகு சமையுங்கள், அதில் நைட்ரைட் உண்டு. காலையில் குளிர், மதியம் வெயில் என்று மாறும் இந்த நாட்களில் மேல்சட்டையை முதலில் குறையுங்கள், காலையும் இடுப்பையும் கடைசிவரை மூடி வையுங்கள். அதுவும் பழைய வழக்கம், செலவில்லாதது.

சீன மருத்துவரையே பார்க்க வேண்டும் என்றால் உங்கள் வட்டாரத்தின் சமூக சுகாதார மையத்துக்குப் போங்கள், பெரும்பாலும் அங்கேயே ஒருவர் இருப்பார். பெரிய மருத்துவமனையின் செயலியில் பதிவுசெய்யப் போனால் சில இடங்களில் கடவுச்சீட்டு எண்ணை ஏற்காமல் சுற்றவிடும். வெளிநாட்டவருக்கு உடம்பே சரியில்லாமல் போகாது என்று நினைத்துச் செய்தார்களோ என்னவோ. அரைநாள் வரிசையில் நின்று உள்ளே போனால் மூன்று நிமிடம், இருபது மூலிகையோடு ஒரு சீட்டு. இந்தக் களைப்பைத்தான் வாசலில் நிற்கும் தரகர்கள் முதலீடாக்குகிறார்கள். "நானும் இதே நோய்க்கு வந்தேன், பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் குணப்படுத்தினார்" என்று கனிவாகப் பேசி அழைத்துப்போவார்கள். போகாதீர்கள். யாராக இருந்தாலும் மருத்துவர் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். தேசிய சுகாதார ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடலாம். உடல்நல நிலையங்கள் சிகிச்சை தருவதாகச் சொல்லிக்கொள்ளவே சட்டப்படி உரிமையில்லை.

பணம் பற்றி: 2025 மே 1 முதல் நடப்பில் இருக்கும் சீன உச்ச நீதிமன்ற விளக்கப்படி, முன்பணம் கட்டிய ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே அசலைத் திருப்பிக் கேட்கலாம். உங்களுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே அதே சேவையை அவர்களிடம் பெற்றிருந்தால் இந்த உரிமை பொருந்தாது என்று வாதிடுவார்கள். நாக்குப் பார்த்ததை அந்தக் கணக்கில் சேர்க்க விடாதீர்கள். வாயால் கேட்காமல் வீசாட் செயலியில் எழுதிக் கேளுங்கள், ரசீதையும் பொடிப் பொட்டலத்தையும் படமெடுத்து வையுங்கள். தர மறுத்தால் நுகர்வோர் புகார் எண்ணான 12315-ஐ அழையுங்கள், சீனமொழி சிரமமென்றால் அக்கம்பக்கத்தில் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.